இரண்டு சோடி ஜால்ராவும் நான்கு ஹெட்போன்களும்

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவில் பஜனைக் குழுவில் இரண்டு சோடி ஜால்ராக்கள் உண்டு. ஒன்று தடித்த வெண்கலச் சோடி. என் தாத்தா காலத்திலிருந்து கோவில் பெட்டியில் இருந்து வருவது. தட்டினால் ஓசை சற்றுக் கனத்துக் கிளம்பி, இரண்டு தட்டுகளும் அச்சு அசலாக ஒரே சுருதியில் அமையாததால் அலை அலையாக அசைந்து, நெடுநேரம் நின்று அடங்கும். மற்றொன்று மலேசியாவின் ஈப்போ நகரில் வாங்கிய மெல்லிய பித்தளைச் சோடி. அது வெடுக்கென்று ஒலித்து உடனே ஓய்ந்துவிடும். வெள்ளிக்கிழமை இரவு பஜனையில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் எவருக்கும் எந்தக் கையில் எந்தச் சோடி இருக்கிறது என்பது தெரியும். சென்ற ஆண்டு ஒரு பஜனையைக் கையடக்க ஒலிப்பதிவுக் கருவியில் பதிவு செய்து, வீட்டுக்கு வந்து ஹெட்போனில் கேட்டேன். இரண்டு சோடியும் ஒன்றாகிப்போயிருந்தன. வேறொரு ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். இரண்டும் பிரிந்து வந்தன. பதிவு ஒன்றுதான், கேட்ட காதும் ஒன்றுதான். அன்றிலிருந்து பல மாதங்களாக இந்த ஒரு கேள்வியோடுதான் என் இரவுகள் கழிந்தன. அதில் நான் கண்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஈப்போவுக்கு வடக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில், ரப்பர் தோட்டங்களுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கும் நடுவே இருக்கும் சுங்கை சிப்புட்டில் நான் வானொலி, கேசட் பெட்டி, ஒலிபெருக்கி ஆகியவற்றைப் பழுதுபார்க்கும் சிறு கடை வைத்திருக்கிறேன். சரிசெய்த பெட்டியை வாங்க வருபவர்கள் அனைவரும் கேட்பது ஒரே கேள்வி: "சத்தம் கிளியரா இருக்கா?" அந்தக் 'கிளியர்' என்ற சொல்லுக்குள் இரண்டு வேறு பொருள்கள் கலந்து கிடக்கின்றன. டிரெபிள், அதாவது ஒலியின் உச்சப் பகுதி, கூடுதலாக இருப்பது ஒன்று. டிரெபிள் மேடு பள்ளம் இல்லாமல் சீராக இருப்பது மற்றொன்று. முதலாவது கேட்ட ஐந்தாவது நொடியிலேயே மனத்தைக் கவர்ந்துவிடும். இரண்டாவது தன்னைக் காட்டிக்கொள்ளப் பல நாள் எடுத்துக்கொள்ளும். ஹெட்போன் வாங்குபவர்கள் பெரும்பாலும் முதலாவதைக் கேட்டுவிட்டு இரண்டாவதை வாங்கியதாக நம்பிவிடுகிறார்கள் என்பதே என் எண்ணம்.

டிரெபிள் என்பது எங்கே தொடங்குகிறது என்பதற்கு வரையறுத்த எல்லைக்கோடு கிடையாது. நான் 4 கிலோஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 4000 அதிர்வுக்கு) மேற்பட்டதை டிரெபிள் என்று வைத்துக்கொள்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. பியானோவின் வலது கோடியில் இருக்கும் கடைசிக் கட்டையின் சுருதி 4186 ஹெர்ட்ஸ். அதற்கு மேலே பாடகர் பாடும் சுரமோ, வாத்தியம் வாசிக்கும் சுரமோ ஏறக்குறைய எதுவும் இல்லை. அங்கே இருப்பவை அனைத்தும் மேல்சுரங்கள் (அடிப்படைச் சுருதியோடு சேர்ந்து எழும் உயர்ந்த ஒலிகள்), உரசல்கள், தட்டல்களின் முனைகள், எழுத்துகளின் விளிம்புகள். நாதஸ்வரத்தின் சீவாளி எழுப்பும் காரம், தம்பூராவின் ஜீவாளி எழுப்பும் ரீங்காரம், மிருதங்கத்தின் வலந்தலையில் விரல் விழும் முதல் கணம், உறுமியின் தோலை வளைந்த குச்சி இழுக்கும்போது எழும் கரகரப்பு, கைச்சிலம்பின் பரல் என இவையெல்லாம் அங்கேதான் வாழ்கின்றன. ராகம் அங்கே இல்லை. வாசிப்பது இன்ன வாத்தியம், இன்ன கை என்று அடையாளம் காட்டும் விவரம் அங்கே இருக்கிறது.

பேச்சிலும் அப்படியே. 'ஸ' என்ற ஒலியின் சீறல் பெரும்பாலும் 5 முதல் 9 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் செறிந்திருக்கிறது; 'ஷ'வின் சீறல் அதற்குச் சற்றுக் கீழேயே தொடங்கி மேலே பரவுகிறது. தமிழின் சொந்த எழுத்துகளில் இந்தச் சீறல் குறைவு. ஆனால் பஜனைப் பாடல்களில் ஸ்ரீ, ஷண்முகா, சரஸ்வதி, ஸ்கந்தா என்று வரிக்கு வரி வந்துகொண்டே இருக்கும். ஆகவே ஒரு ஹெட்போனை முதன்முதலாகக் கேட்கும்போது நான் வைக்கும் முதல் சோதனை ஷண்முகன் நாமாவளிதான். 'ஷ' என்ற ஒலி பாடகரின் வாயிலிருந்து வருவதுபோல் குரலோடு ஒட்டி வந்தால் நல்லது. குரல் ஓரிடத்திலும் சீறல் வேறிடத்திலும், யாரோ பக்கத்தில் நின்று தனியாக ஊதுவதுபோல் வந்தால், அந்த ஹெட்போனில் எங்கோ ஒரு மேடு இருக்கிறது என்று பொருள்.

இந்த மேடு ஏன் வருகிறது என்பதை அறிந்துகொள்ள, நம் காதையே முதலில் பார்க்க வேண்டும். செவித்துளையிலிருந்து செவிப்பறை வரையிலான குழாய் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளம் உடையது. ஒரு முனை திறந்து மறுமுனை மூடிய எந்தக் குழாயும், தன் நீளத்தைப்போல் நான்கு மடங்கு அலைநீளம் கொண்ட ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். பேனா மூடியின் வாயில் ஊதி விசில் எழுப்பும் பிள்ளைகளுக்கு இது புதிதன்று. அந்தக் கணக்கின்படி நம் காதுக்குழாய் 3 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளை இயல்பாகவே உயர்த்துகிறது. முன்னால் நின்று பாடுபவரின் குரலைப் பிறந்த நாள் முதல் நாம் அந்த உயர்வோடுதான் கேட்டு வருகிறோம். ஹெட்போன் காதின் மேலேயே வந்து உட்கார்ந்து, மடலின் வேலையையும் குழாயின் வேலையையும் ஓரளவு மாற்றிவிடுவதால், அந்த உயர்வு செவிப்பறையில் திரும்பக் கிடைக்கும்படி அதை வடிவமைக்க வேண்டியிருக்கிறது. எந்த அளவுக்கு உயர்த்தினால் பெரும்பாலானவர்களுக்கு இயல்பாகத் தோன்றும் என்பதை ஒலிக்கருவி நிறுவனமான ஹார்மனில் ஷான் ஆலிவும் அவருடைய சகாக்களும் 2012ஐ ஒட்டித் தொடங்கிப் பல ஆண்டுகள், கேட்பவருக்கு எது எந்த ஹெட்போன் என்று தெரியாத வகையில் சோதனைகள் நடத்தி ஆராய்ந்தார்கள். அதிலிருந்து வந்த வளைகோட்டைத்தான் இன்று பல தயாரிப்பாளர்கள் வழிகாட்டியாக வைத்திருக்கிறார்கள்.

3 கிலோஹெர்ட்ஸ் வரை விஷயம் ஓரளவு கட்டுப்பாட்டில் இருக்கும். அதற்கு மேலே போகப் போகத்தான் சிக்கல். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் வேகத்தில் செல்கிறது. 8 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் நாலரை சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அதாவது காது மடலின் அளவு, ஹெட்போன் கிண்ணத்தின் அளவு, ஒலிக்கும் சவ்வின் அளவு ஆகிய அனைத்தும் இந்த அலையின் அளவுக்கு வந்துவிடுகின்றன. கிண்ணத்தின் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் நேராக வரும் அலையும் சில இடங்களில் கூடி மேடாகின்றன; சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துப் பள்ளமாகின்றன. ஹெட்போனைக் காதில் அரை விரல்கடை முன்னே தள்ளினால் பேஸ் எனும் கீழ்ச்சுருதி ஒலி மாறுவதில்லை, ஜால்ரா மாறிவிடுகிறது. காதுக்குள் செருகும் இயர்போனில் இது இன்னும் கூர்மையானது: எவ்வளவு ஆழம் செருகுகிறோம் என்பதைப் பொறுத்து, பெரும்பாலும் 8 கிலோஹெர்ட்ஸை ஒட்டி விழும் ஒரு மேடு இடம் பெயர்ந்துகொண்டே இருக்கும். ஒரே இயர்போனை அண்ணன் மெச்சுவதும் தம்பி காதைக் குத்துகிறது என்பதும் இருவர் காதிலும் உண்மையாகவே வேறு ஒலி விழுவதால்தான்.

நான் ஒப்பிட்டவை நான்கு. காஸ் போர்ட்டா புரோ 1984இல் வந்தது. காதின் மேல் இலேசாக உட்காரும் பஞ்சு வைத்த திறந்த வகை, அதாவது கிண்ணத்தின் வெளிப்புறம் காற்றுப் புகும்படி இருப்பது. சோனி எம்.டி.ஆர்.-7506 என்பது 1991 முதல் ஒலிப்பதிவுக் கூடங்களில் புழங்கி வரும் மூடிய வகை. சென்ஹைசர் எச்.டி. 600 என்பது 1997இல் வந்த திறந்த வகை. பேயர்டைனமிக் டி.டி. 990 புரோவும் திறந்த வகைதான். கடைசி மூன்றையும் பல ஆண்டுகளில், ஒவ்வொன்றாக, பழைய பொருளாகவே வாங்கினேன். புதிய காதுப் பஞ்சுகளை மட்டும் மாற்றிக்கொண்டேன். ஏனெனில் பஞ்சு நசுங்கினால் சவ்வு காதுக்கு அருகில் வந்து டிரெபிள் மாறிவிடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் செயற்கைத் தோல் இரண்டு மூன்று ஆண்டுகளில் உரிந்து கருந்துகளாகக் கன்னத்தில் ஒட்டும். உரிந்த பஞ்சோடு ஒரு ஹெட்போனுக்குத் தீர்ப்பு எழுதுவது, அறுந்த தந்தியோடு வீணைக்குத் தீர்ப்பு எழுதுவதைப் போன்றது.

ஒப்பிடுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்: ஒலியளவைச் சமப்படுத்துவது. எச்.டி. 600இன் மின்தடை 300 ஓம். என்னிடம் இருக்கும் டி.டி. 990 என்பது 250 ஓம். 7506 என்பது 63 ஓம். போர்ட்டா புரோ 60 ஓம். ஒரே கைப்பேசியில் ஒரே அளவில் வைத்து நான்கையும் மாற்றி மாற்றி மாட்டினால், சில சத்தமாகவும் சில மெலிதாகவும் ஒலிக்கும். சத்தமாக ஒலிப்பது எப்போதும் தெளிவாகவே தோன்றும். மெல்லிய சத்தத்தில் காது பேஸையும் உச்ச டிரெபிளையும் குறைத்தே கேட்கிறது என்பதைப் அமெரிக்க ஆய்வாளர்களான பிளெட்சர், மன்சன் ஆகிய இருவரும் 1933இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஆகவே தடித்த அட்டையில் ஒரு துளையிட்டு, அதில் ஒலிவாங்கியைப் பொருத்தி, ஒவ்வொரு ஹெட்போனையும் அட்டை மேல் அழுத்தி வைத்து, ஒரே இரைச்சலை ஓடவிட்டு நான்கையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன். இது ஆய்வுக்கூட அளவீடு ஆகாது. ஆனால் மேசை மீது செய்யக்கூடிய அளவுக்கு நேர்மையானது.

இனிக் கேட்ட கதைக்கு வருகிறேன். முதல் சோதனைக்கு நான் பாட்டு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அப்பாவின் பழைய கேசட் ஒன்றில், பாட்டு முடிந்த பிறகு காலியாக ஓடும் நாடாவின் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலை எடுத்துக்கொண்டேன். கேட்பதற்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் டிரெபிளின் மேடு பள்ளங்களைக் காட்ட இதைவிட நல்ல கண்ணாடியை நான் அறியேன். நாடா இரைச்சலில் சுருதி கிடையாது. டிரெபிள் பகுதி முழுவதிலும் அது பரவிக் கிடக்கும். ஹெட்போன் சீராக இருந்தால் இரைச்சலும் சுருதியில்லாமல் வரும். எங்காவது மேடு இருந்தால் அந்த இடத்தின் சுருதி இரைச்சலில் ஏறிக்கொள்ளும். எச்.டி. 600இல் அந்த இரைச்சல் லயத்து வீட்டுத் தகரக் கூரையின் மேல் தொலைவிலிருந்து நெருங்கி வரும் மழையைப்போல், திரண்டு, நிறமில்லாமல் கேட்டது. டி.டி. 990இல் அது சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்ததுபோல் சுரீரென்றது. கூர்ந்து கேட்டால் அதற்கு ஒரு சுருதியே இருந்தது, அதை வாயால் ஊதிக் காட்டவும் முடிந்தது. அந்த ஹெட்போனுக்கு 8 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் ஒரு மேடு உண்டு என்பது அளவீடுகளில் அனைவரும் அறிந்தது. அதை அளவுகோல் ஏதுமின்றி, காலி நாடாவே சொல்லிவிட்டது. 7506இல் மழையும் இருந்தது, சிறிது சுரீரும் இருந்தது. போர்ட்டா புரோவில் மழை அடுத்த தோட்டத்தில் பெய்தது.

பிறகு பஜனைப் பதிவு. எனக்குக் கிடைத்த விடை நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறானது. டிரெபிள் மிகுந்த ஹெட்போனில்தான் ஜால்ராக்கள் நன்றாகப் பிரிந்து கேட்கும் என்று எண்ணியிருந்தேன். டி.டி. 990இல் இரண்டு சோடியும் பளபளவென்று, மண்டபத்தின் மேல் மிதப்பதுபோல் கேட்டன. ஆனால் இரண்டும் ஒரே பளபளப்பாக இருந்தன. தொடக்கத்தில் நான் சொன்னதுபோல், வெண்கலமும் பித்தளையும் ஒன்றாகிப்போனது இந்த ஹெட்போனில்தான். காரணத்தைப் பின்னர் யோசித்துப் பார்த்தேன். ஜால்ராவின் மேல்சுரங்கள் கம்பி வாத்தியத்தின் மேல்சுரங்களைப்போல் ஒழுங்கான மடங்குகளில் அமைவதில்லை. தட்டின் தடிமனுக்கும் வளைவுக்கும் ஏற்ப ஆங்காங்கே சிதறி விழுகின்றன. எந்த மேல்சுரம் ஓங்கி நிற்கிறது, எது தாழ்ந்து நிற்கிறது என்ற விகிதம்தான் ஒரு சோடியின் முகம். ஹெட்போன் 8 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை மட்டும் உயர்த்தினால், எந்தச் சோடியாக இருந்தாலும் அந்த இடத்து ஒலியே ஓங்கி, அக்கம்பக்கத்து மெல்லிய சுரங்களைக் காதில் விழாமல் மறைத்துவிடுகிறது. எல்லா முகத்துக்கும் ஒரே பொட்டை அழுந்த வைத்ததுபோல் ஆகிவிடுகிறது.

எச்.டி. 600இல் ஜால்ராவின் சத்தம் சற்றுக் குறைவுதான். 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே அது மெல்ல இறங்குவதால், மண்டபத்தின் காற்று, அதாவது இடம் விரிந்திருக்கும் உணர்வு, எனக்குப் போதுமான அளவு கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆயினும் வெண்கலம் வெண்கலமாகவும் பித்தளை பித்தளையாகவும் இருந்தன. வெண்கலச் சோடியின் அலைவு எத்தனை முறை அசைந்து அடங்குகிறது என்று எண்ணவே முடிந்தது. கையில் அதே சோடியை எடுத்து ஒரு முறை தட்டிவிட்டு, உடனே பதிவைக் கேட்டுப் பார்த்தேன். ஒலிவாங்கிக்கென்று ஒரு குணம் இருப்பதால் இரண்டும் ஒன்றாகவே இருக்க முடியாது. என்றாலும் நான்கில் இதுவே உண்மைக்கு அருகில் நின்றது.

7506இல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. மூடிய வகை என்பதால் வெளிச்சத்தம் உள்ளே நுழைவதில்லை. பதிவு செய்யும் இடத்திலேயே கேட்டுச் சரிபார்க்க இதைத்தான் எடுத்துச் செல்கிறேன். யாரோ நாற்காலியை இழுத்தது, ஒலிவாங்கியின் கம்பி உரசியது, பாடகர் உதட்டைப் பிரித்தது போன்ற குறைகள் அனைத்தையும் இது முன்னால் கொண்டுவந்து வைத்துவிடும். ஷண்முகா என்ற சொல்லில் 'ஷ' சற்றே முந்தி நின்றது. வேலைக்கு அது உதவி. ஒரு மணி நேரம் பஜனையில் லயிப்பதற்கு அது உதவியன்று. போர்ட்டா புரோவில் வெண்கலத்தின் நீண்ட ஓசை கேட்டது, பித்தளையின் வெட்டு கேட்கவில்லை. ஆனால் பழைய, குறையுள்ள பதிவுகளுக்கு அதைப்போல் துணை வேறில்லை.

பதிவின் குறை என்று சொல்லும்போது சிறிது நிற்க வேண்டியிருக்கிறது. பல வேளைகளில் ஹெட்போன் மீது நாம் சுமத்தும் பழி உண்மையில் பதிவுக்கு உரியது. கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை அந்த நாடாவில் பிடித்துக்கொள்ளும் இடம் 4.76 மைக்ரோமீட்டர், தலைமயிரின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட அன்று. இவ்வளவு நுண்ணிய எழுத்தைப் படிக்கும் காந்தத் தலை நூலளவு சாய்ந்திருந்தாலும் டிரெபிள் அழிந்துவிடும். கடைக்கு வரும் கேசட் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு நான் செய்வது இந்தச் சாய்வைச் சரிசெய்யும் சிறு திருகாணியைக் கால் சுற்றுத் திருப்புவது மட்டுமே. அதைத் திருப்பும்போது, போர்வையை விலக்கியதுபோல் பாட்டு திறந்துகொள்ளும் அந்தக் கணத்திற்காகவே நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன் என்று சொன்னால் அது மிகையன்று.

பிற்காலத்துப் பதிவுகளுக்கு வேறு குறை. பண்பலை வானொலியில் ஒலி 15 கிலோஹெர்ட்ஸ் வரைதான் அனுப்பப்படுகிறது. 128 கிலோபிட் எம்.பி.3 கோப்புகளில் பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்டது வெட்டப்பட்டுவிடும். வெட்டப்பட்டதைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. நடுத்தர வயதைக் கடந்த பலருக்கு அந்த உயரம் காதில் விழுவதே இல்லை. வெட்டப்படாமல் எஞ்சிய டிரெபிளுக்கு நேர்வதுதான் துன்பம். கோப்பைச் சிறிதாக்கும் கணக்கு ஜால்ராவைப்போன்ற சிதறிய ஒலிகளில் திணறிப்போய், 'சிங்' என்ற ஓசையைத் தண்ணீர் சலசலப்பாக மாற்றிவிடுகிறது. கைப்பேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பி அனுப்பித் தேய்ந்த தைப்பூச உறுமிமேளப் பதிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். உறுமியின் இழுப்பு வரும். கைச்சிலம்பு மட்டும் ஆற்றில் கூழாங்கல் உருள்வதுபோல் கேட்கும். சீரான ஹெட்போன் இதை உள்ளபடி காட்டும். 8 கிலோஹெர்ட்ஸில் மேடுள்ளது இதைப் பெரிதாக்கிக் காட்டும். போர்ட்டா புரோ பெருந்தன்மையோடு மூடிவிடும். ஆகவே ஒரு ஹெட்போனின் டிரெபிளைத் தீர்மானிக்க விரும்புகிறவர்கள் இத்தகைய கோப்பை ஒருபோதும் அளவுகோலாக வைக்கக்கூடாது. கையில் ஒரு குறுந்தட்டு இருந்தால் அதுவே போதும், நொடிக்கு 44,100 முறை ஒலியை மாதிரி எடுத்துப் பதிந்த அது, மனிதக் காது கேட்கும் எல்லை முழுவதையும் தாங்கும்.

மேட்டைக் குறைக்க முடியுமா என்றும் முயன்றேன். கணினியில், ஒலியின் குறிப்பிட்ட பகுதியை மட்டும் ஏற்றவோ இறக்கவோ உதவும் ஈக்வலைசர் ஏ.பி.ஓ. என்ற இலவச மென்பொருளை நிறுவி, 5 கிலோஹெர்ட்ஸிலிருந்து 12 கிலோஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒற்றைச் சுருதியை மெல்லிய சத்தத்தில் ஓடவிட்டேன். டி.டி. 990இல் என் காதுக்கு ஒலி திடீரென்று பாய்ந்து வந்த இடம் 8 கிலோஹெர்ட்ஸைச் சற்றே தாண்டியிருந்தது. அக்காள் மகன் காதுக்கு அது இன்னும் சிறிது மேலே. இணையத்தில் கிடைக்கும் எண்ணை அப்படியே எடுத்து எழுதாமல் அவரவர் காதால் அந்த இடத்தைத் தேட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அந்த இடத்தில் மட்டும் 5 டெசிபல் குறைத்தபோது வெண்கலமும் பித்தளையும் இந்த ஹெட்போனிலும் பிரிந்துவிட்டன. மண்டபத்தின் காற்று எச்.டி. 600இல் கேட்டதைவிட நன்றாகவே கேட்டது. அந்த இரவு நான் மிகவும் மகிழ்ந்தேன், டி.டி. 990இன் சவ்வில் விவரம் முழுவதும் இருந்திருக்கிறது, மேடு ஒன்றுதான் அதை மறைத்திருக்கிறது என்பது அப்போது விளங்கியது.

ஆனால் இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகப் பெரிய பாடம் அப்பாவிடமிருந்து கிடைத்தது. அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் செம்பனை எண்ணெய் ஆலையில், கொதிகலனுக்கும் விசையாழிக்கும் பக்கத்தில் வேலை செய்தவர். அந்தக் காலத்தில் காதுக்குக் கவசம் என்ற பேச்சே அங்கு எழுந்ததில்லை. வேலையிட இரைச்சலுக்கு மலேசியாவில் 1989இல் வந்த விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபலை எல்லையாக வைத்தன. 2019இல் வந்த விதிகள் அதை 85 ஆக்கின. அப்பா காதில் வாங்கியது இரண்டுக்கும் முந்தையது. நீண்டகால இரைச்சல் முதலில் கொண்டுபோவது 4 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய கேள்திறனை. பேச்சின் கனம் கேட்கும், விளிம்பு கேட்காது. ஈப்போவில் செவித்திறன் சோதனை செய்தபோது வரைந்து கொடுத்த கோடு அப்படித்தான் இருந்தது: 1 கிலோஹெர்ட்ஸ் வரை ஏறக்குறைய இயல்பு, 4இல் செங்குத்தான பள்ளம், அதற்கு மேலே வயதின் இறக்கம். பஜனைக்கு வந்து உட்கார்வார், தாளம் போடுவார், ஆனால் சில ஆண்டுகளாகவே ஜால்ரா எங்கே போடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதை நாங்கள் மறதி என்று எண்ணிக்கொண்டிருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு ஹெட்போன்களையும் அப்பாவிடம் கொடுத்தேன். எது எது என்று சொல்லவில்லை. சத்தத்தைச் சமப்படுத்தி, தாழ்வாகவே வைத்தேன். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்று சொல்லும் எல்லைக்கு வெகு கீழேயே இருந்தது. கேள்திறன் குன்றியவருக்குச் சத்தத்தைக் கூட்டிக் கொடுப்பது மருந்தாகாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். போர்ட்டா புரோவில் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். எச்.டி. 600ஐ மாட்டிக்கொண்டு, "நல்லா இருக்குய்யா, ஆனா மழைக்காலத்து ரேடியோ மாதிரி அமுங்கிக் கெடக்கு" என்றார். நான் உண்மைக்கு மிக அருகில் என்று தீர்மானித்து வைத்திருந்த ஹெட்போன் அது. 7506இல் புருவத்தை உயர்த்தினார். டி.டி. 990இல், ஈக்வலைசர் எதுவும் இல்லாமல், நான் மேடு என்று குறைத்து வைத்த அந்த 8 கிலோஹெர்ட்ஸ் முழுதாக இருக்கும் நிலையில் மாட்டியபோது, கையை உயர்த்தி எல்லோரையும் பேசாமலிருக்கச் சொன்னார்.

மேட்டைப் பற்றி நான் எழுதியவை அனைத்தும் என் காதுக்கு உண்மை. அப்பாவின் காதில் 4 கிலோஹெர்ட்ஸில் விழும் பள்ளம் வயதின் இறக்கத்தோடு சேர்ந்து அந்த இடம் வரை நீள்கிறது. ஹெட்போனின் மேடு அந்தப் பள்ளத்தில் விழுந்து ஓரளவு சமமாகிவிடுகிறது. எனக்கு இரண்டு சோடியையும் ஒன்றாக்கிய அதே உயர்வு, அவருக்கு அந்தச் சோடிகள் இருக்கின்றன என்பதையே திருப்பிக் கொடுத்தது. சீரான டிரெபிள் என்று நான் தேடியது ஹெட்போனில் மட்டும் இருக்கும் ஒன்றாக இனி எனக்குத் தோன்றவில்லை. செவிப்பறையைத் தாண்டி, உட்காதில் எஞ்சியிருப்பதோடு சேர்ந்துதான் அது சீராகிறது. கடையில் ஹெட்போன் கேட்டு வருபவர்களிடம் நான் இப்போது முதலில் விசாரிப்பது அவர்கள் செய்யும் வேலையைப் பற்றித்தான். புல் வெட்டும் இயந்திரம் தூக்குபவரா, ஆலையில் இருந்தவரா, பள்ளிப் பிள்ளையா என்பது தெரியாமல் எந்த ஹெட்போனையும் கையில் எடுத்துக் கொடுப்பதில்லை.

அன்று அப்பா பதிவு முழுவதையும் கேட்டார். ஏறக்குறைய நாற்பது நிமிடம். இடையில் ஒரு முறை மட்டும் ஒரு பக்கக் கிண்ணத்தைச் சற்று விலக்கி, அடுப்படியிலிருந்த அம்மாவுக்கும் கேட்கும்படி, "ரெண்டு சோடி போடுறாங்க. ஒண்ணு பழசு, எங்கப்பா வச்சிருந்தது. அது இன்னும் நம்ம கோயில்லதான் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை பெட்டியிலிருந்து அந்த வெண்கலச் சோடியை எடுத்து, புளியிட்டுத் துலக்கி, அவர் மடியில் வைத்தார்கள்.